நாரில்லாப் பனையின் மூன்று கொட்டைகள்

பனைகளுக்கு நடுவே ஊர் இருக்கிறதா, ஊருக்கு நடுவே பனைகள் இருக்கின்றனவா என்று வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போகிற செம்மணல் தேரிக்காட்டில், ஊசித்தேரி என்ற ஊரில், ஒரு கார்த்திகை மாதம் யாராலும் உட்கார முடியாமல் போயிற்று. நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, பாயை விரித்துப் படுத்து உறங்கவும் முடிந்தது. நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவே மனிதர்கள் இளைப்பாறுகிற அந்த ஒரு நிலை மட்டும் ஊரைவிட்டுப் போய்விட்டது.

முதலில் அது தையல்காரர் பூலிங்கத்துக்கு வந்தது. அவர் மனைவி தங்கபுஷ்பம் ஐப்பசி அடைமழையில் ஒருநாள் முற்பகல் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தவள், சுவரோடு சுவராக அப்படியே போய்விட்டாள். மடியில் பாதி உருவிய கீரை கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வந்த சனமெல்லாம் பஸ் ஏறிய பிறகு, பூலிங்கம் தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்காரப் போனார். முழங்கால் பாதி மடங்கியது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்து வந்தாற்போல ஒரு நினைப்பு அப்போது அவருக்குள் எழுந்தது, அவரும் எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. திரும்பி வந்து மறுபடி உட்காரப் போனார், மறுபடி முழங்கால் பாதி மடங்கியது, மறுபடி அந்த நினைப்பு எழுந்தது, மறுபடி அடுப்படிக்குப் போனார். வெயில் இறங்கும்வரை இப்படியே நடந்து நடந்து, கடைசியில் நின்றபடியே ஒற்றைக் காலால் மெஷினை மிதிக்கப் பழகிக்கொண்டார்.

"இருப்புக் கொள்ள மாட்டேங்குது" என்றார், பக்கத்து வீட்டு லிங்கக்கனி கேட்டபோது.

இருப்புக் கொள்ளவில்லை என்று சொல்லாதவர்கள் யார்? அதை அந்த வார்த்தையின் நேர்ப் பொருளில் லிங்கக்கனி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வடை சுட்டு விற்கிறவள், முட்டுவலிக்காரி, தங்கபுஷ்பத்தின் உடம்பைக் கடைசியாகக் குளிப்பாட்டியவளும் அவள்தான். மறுநாள் காலையில் வடைச்சட்டிக்கு முன்னால் மணையைப் போட்டு உட்காரப் போனவள், பாதியில் எழுந்து கொடியில் துணி கிடக்கிறதா என்று பார்க்கப் போனாள். துணி எதுவும் கிடக்கவில்லை. அதற்கடுத்த நாள் அது தெருவுக்கு வந்தது. ஒருவர் மாட்டைக் கட்டினோமா என்று எழுந்தார், ஒருவர் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்தார், ஒருத்தி பால் பொங்குகிறது என்று எழுந்தாள், அவள் வீட்டில் பால் வாங்குவதே கிடையாது. கார்த்திகைத் தீபத்தன்று ஊரே விளக்கேற்றிவிட்டு, அந்த வெளிச்சத்தில் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

ஊசித்தேரிக்காரர்கள் எதற்கும் அதிக நாள் ஆச்சரியப்படுகிறவர்கள் அல்ல. புயலையும் பார்த்தவர்கள், கிணற்றில் உப்பு ஏறியதையும் பார்த்தவர்கள். மூன்றாம் வாரத்துக்குள் டீக்கடை பெஞ்சுகள் கவிழ்த்துப் போடப்பட்டு அவற்றின்மேல் வாழைத்தார் அடுக்கப்பட்டது. சோற்றுத் தட்டு வைக்க நெஞ்சு உயரத்துக்கு வீட்டுக்கு வீடு பலகை அடித்தார்கள். அம்மன் கோயில் வரிக்கூட்டம், முன்பெல்லாம் மத்தியானம் தொடங்கினால் விளக்கு வைத்தபின்னும் முடியாது. இப்போது கால் கடுக்க ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது, அதுவும் முன்பைவிடச் சரியாக இருந்ததென்று சொன்னார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் நின்றபடியே காப்பி குடித்து, நின்றபடியே பெண்ணைப் பார்த்து, ஆற அமரக் குறை கண்டுபிடிக்க வசதி இல்லாமல் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொல்வது தண்டனையாக இல்லாமல் போனது. சீட்டு ஆடுகிறவர்கள் சுவரில் கரித்துண்டால் கட்டம் கீறி அதில் வேறொரு ஆட்டம் கண்டுபிடித்தார்கள். காலைக்கடன் என்ன ஆயிற்று என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அதற்கும் ஊர் ஒரு வழி கண்டிருந்தது, அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வாசலுக்கு வந்தவர்களை "உக்காருங்க" என்று சொல்வது, குருடரிடம் படம் பார்க்கச் சொன்னதுபோல ஆகிவிட்டதால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு "சாய்ஞ்சுக்கிடுங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். சாய்ந்து சாய்ந்து ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஆள் உயரத்தில் எண்ணெய்த் தலைகளின் கறை வரிசையாகப் படிந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒருவருக்கும் அமைதி இல்லை. எங்கோ ஒரு வேலை பாதியில் கிடக்கிறது, அது என்ன என்று மட்டும் தெரியவில்லை என்ற நினைப்போடு, சந்துகளிலும் முடுக்குகளிலும் ஊர் நடந்துகொண்டே இருந்தது. எதிரெதிரே வந்தவர்கள் "எங்க?" என்று கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

இப்படி இருக்கையில், மார்கழி பாதியில் ஒருநாள், டீக்கடை ஐகோர்ட்துரை உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பக்கத்து நாட்டார் தெய்வமான ஐகோர்ட் சாமிக்கு நேர்ந்து பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். கடைக்குப் பின்னால் வேகவைத்த பனங்கிழங்கைத் தின்றுகொண்டு நின்றவன், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் தன்னையறியாமல் உட்கார்ந்து, தின்று முடித்து, கையைத் துடைத்த பிறகுதான் தான் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தான். அவன் போட்ட சத்தத்தில் நாய்கள் ஓடின.

"ஐகோர்ட்து உக்காந்திருக்காம்வே!"

"எங்க?"

"வாளி மேல."

"வெளையாடாத."

ஊர் திரண்டு வந்து, ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. அவனை எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. லிங்கக்கனி அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்னத்தலே தின்ன?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் பட்டுராஜன்.

"கெழங்குதான் மாமா. பூலிங்கம் அண்ணாச்சி பாத்தியில சந்து ஓரமா ஒரு கைப்பிடி புடுங்கினேன். பதம் பாக்கத்தான்."

"எல்லாக் கெழங்கும் நாங்களுந்தான் திங்கோம்."

"இதுல ஒண்ணுல நாரே இல்ல மாமா. வெண்ணெய் கணக்கா எறங்கிட்டு."

நாரே இல்லை என்றதும் ஊருக்கு அந்தப் பனை நினைவு வந்தது. குளத்தங்கரையில் ஒரு பனை நின்றது, அதன் பழத்தில் நார் கிடையாது. சுட்டால் கரண்டியால் வழித்துத் தின்னலாம், பல்லில் ஒன்றும் சிக்காது. தேரிக்காட்டில் எத்தனையோ பனை உண்டு, அப்படி ஒன்று வேறெங்கும் இல்லை. புரட்டாசிக் காற்றில் அது வேரோடு சாய்ந்தது. அந்த வருடம் அதில் நொங்கு வெட்டித் தின்றதுபோக மிஞ்சிப் பழுத்தது ஒரே பழம், அதைப் பொறுக்கியவள் தங்கபுஷ்பம். அந்தப் பழத்தில் கொட்டை மூன்று. மூன்றையும் மற்ற கொட்டைகளோடு அவள் தன் வீட்டுக் கிழங்குப் பாத்தியில் வைத்தாள் என்று லிங்கக்கனிக்குத் தெரியும்.

தேரிக்காட்டில் பனங்கொட்டையை இரண்டு விதமாக விதைப்பார்கள். மரமாக வேண்டுமென்றால் நிலத்தில் தனித்தனியாகப் புதைப்பார்கள். கிழங்குக்கு வேண்டுமென்றால் மண்ணைக் குவித்து மேடாகப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவார்கள். முளை கீழே இறங்கிக் கிழங்காகும், மேலே ஊசிபோல ஒரு குருத்து எட்டிப் பார்க்கும், பொங்கலுக்குப் பிடுங்கி மஞ்சள் போட்டு அவிப்பார்கள். கிழங்கு என்று தின்பதெல்லாம் பனங்கன்றுதான். தின்றால் மரமில்லை. தின்னாமல் அது எந்த மரத்தின் பிள்ளை என்று சொல்ல ஆளுமில்லை.

பாத்தி நிறைய ஊசிக் குருத்துகள், எல்லாம் ஒன்றுபோல. அதற்குள் நாரில்லாத கன்று இன்னும் இரண்டு.

அன்றைக்கே ஊர் பூலிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. பூலிங்கம் பாத்திக்கு முன்னால் நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அண்ணாச்சி, நாங்க என்ன கேக்கப் போறோம்னு உமக்குத் தெரியும்" என்றார் பட்டுராஜன்.

"தெரியும்."

"வீட்டுக்கு ஒரு கெழங்கு. யாருக்கு அம்சம் இருக்கோ அவங்க உக்காரட்டும்."

"அது அவ வச்ச பாத்தி."

"இல்லைன்னு யாரு சொன்னா? அவள நாங்கதான தூக்கிட்டுப் போனோம்."

 பூலிங்கம் பாத்தியைச் சுற்றி நடந்தார், ஒரு சுற்று வந்து அதே இடத்தில் நின்றார். அந்த மரம் போய்விட்டது, பழத்தைப் பொறுக்கிவந்தவளும் போய்விட்டாள், அவள் கை கடைசியாக மண்ணில் வைத்தவற்றில் இனி மரமாகக்கூடியவை இந்த இரண்டு ஊசிகள்தான் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான். போகியன்று ஊர் பாத்தியைப் பிடுங்கிக்கொள்ளலாம். அதற்குமுன் ஒரே ஒரு கன்றை அவர் தேர்ந்து துணி கட்டுவார். அதை யாரும் தொடக் கூடாது.

பட்டுராஜன் பாத்தியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தனைக்குள் ஒன்று! தையல்காரருக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்? பாத்தி கட்டியதும் தண்ணீர் தெளித்ததும் எல்லாம் அந்த அம்மாள், இவர் தின்றதோடு சரி.

"சரி, கட்டும்" என்றார். ஊரும் சரி என்றது.

அன்றுமுதல் பூலிங்கம் பாத்தியைச் சுற்றினார். குருத்தின் நிறத்தைப் பார்த்தார், எல்லாம் பச்சை. முனையைத் தடவினார், எல்லாம் குத்தின. பனையேறுகிற ஒருவர் வந்து அடி சிவந்திருந்தால் அதுதான் என்றார், இன்னொருவர் வந்து அடி வெளுத்திருந்தால் அதுதான் என்றார், இருவரும் சுவரில் சாய்ந்தபடி சண்டை போட்டார்கள். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தேரி மணலில் நடந்து வந்தவர், தாகத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிறகு உட்காரப் போய், ஜீப்பில் சாவியை விட்டுவிட்டேனோ என்று எழுந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது. அதன்பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது: ஊசித்தேரித் தண்ணீரைக் குடிக்காதவரைக்கும் வெளியூர்க்காரர்கள் உட்காரலாம்.

"பறிச்சு அறுத்துப் பார்த்தா ஒருவேளை சொல்லலாம்" என்றார் அதிகாரி, நின்றபடி கன்றுகளைப் பார்த்து. "பறிச்சா அது இருக்காது. விட்டா, காய்ச்சதும் தெரிஞ்சிரும். அதுக்குப் பதினஞ்சு வருஷம் ஆகும். நடுவில வழி ஒண்ணும் எனக்குத் தெரியலீங்க." தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக அவரைப் பூலிங்கத்துக்குப் பிடித்துப்போனது. அதிகாரியின் ஜீப்பில் கிழிந்திருந்த சீட்டு உறையை நின்றபடியே தைத்துக் கொடுத்தார்.

மார்கழி கடைசியில் மகள் ஜெயக்கொடி கோவில்பட்டியிலிருந்து வந்தாள். மாமியார் சொல்லி அனுப்பியபடி பெரிய கேனில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதனால் அந்த ஊரில் ஐகோர்ட்துரையைத் தவிர உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் புழக்கடைப் படியில் உட்கார்ந்து உள்ளி உரித்தாள்; அப்பா பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார், செக்கு மாடு மாதிரி.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. அம்மா போன அன்று அவள் வந்து சேர்வதற்குள் மழையைக் காரணம் சொல்லி எடுத்துவிட்டார்கள். காரியத்துக்கு வந்தபோது அப்பா வேலை வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு அழுதால்தான் அழுகை வரும். அவளுக்கு இன்னும் வரவில்லை. அப்பாவோடு ஒரு நாழி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அவள் வந்திருந்தாள்.

"அப்பா, அது உங்களுக்கு ஆம்புட்டா நீங்களே தின்னிருங்க. தின்னுட்டு எம்பக்கத்துல வந்து இருங்க."

"மரம் வேணும்ளா."

"மரத்தோட என்ன பேசப் போறிய?"

அவர் இன்னொரு சுற்றுப் போனார்.

"அம்மா எங்க வச்சான்னு ஒரு தடவைகூடப் பாக்கலியா?"

"நான் மெஷின்ல இருந்தேன். சன்னல் வழியா முதுகு தெரிஞ்சுது."

"எங்க?"

"மொதல்ல தூரத்துல. சந்து ஓரம் குனிஞ்சா. பெறவு கெணத்துப் பக்கம் போயிக் குனிஞ்சா. பெறவு…" அவர் நின்றார். வந்ததிலிருந்து அவர் ஓரிடத்தில் அப்படி நின்று ஜெயக்கொடி பார்க்கவில்லை. "பெறவு சன்னலுக்குக் கீழ வந்துட்டா. ஊசியில நூல் கோத்துட்டு இருந்தேன். வெளிச்சத்த மறைக்காதட்டீன்னு சத்தம் போட்டேன்."

ஜெயக்கொடி உள்ளியைக் கீழே வைத்தாள்.

"மத்த கொட்டையெல்லாம் எப்படி வச்சா?"

"அள்ளிக் கொட்டி அடுக்கினா. அது முந்தின நாளே முடிஞ்சிட்டு."

"அப்ப அன்னைக்கு வச்சது அந்த மூணுதான்" என்றாள் ஜெயக்கொடி. "சந்து ஓரம் ஐகோர்ட்து புடுங்கினது ஒண்ணு. போறவன் வாறவன் பதம் பாக்கப் புடுங்குவான்ல, அவனுக்குன்னு வச்சிருக்கா. கெணத்துப் பக்கம் லிங்கக்கனி சித்திக்கு. அவதான தெனம் அங்க நிப்பா. சன்னலுக்குக் கீழ யாருக்கு?"

 நல்ல பொருளை நடுவில் ஒளித்து வைத்திருப்பாள் என்று எண்ணி, பூலிங்கம் இத்தனை நாளும் பாத்தியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ ஓரங்களில், கைக்கு எட்டுகிற இடங்களில், தின்னக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறாள். காப்பாற்ற வேண்டும் என்று அவர் நடந்து தேய்ந்தது எதுவோ, அதை அவள் பகிர்ந்து முடித்துவிட்டுப் போயிருந்தாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

சன்னலுக்குக் கீழே கிட்டக்கிட்ட ஒரு கொத்துக் குருத்துகள் நின்றன. அவற்றில் எது?

பூலிங்கம் உள்ளே போய் மெஷினுக்கு முன்னால் நின்றார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்துக்கு முட்டியை மடக்கிக் குனிந்தார். அடுப்பில் எதையோ வைத்த நினைப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஏளா, நீ அங்க போய் முதுகக் காட்டிக் குனி" என்றார். அவள் குனிந்தாள். "அந்தப் பக்கம் போ. இன்னும். ரொம்பப் போயிட்ட. கொஞ்சம் இங்கிட்டு…" சன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஒரு முதுகு நகர்ந்து நகர்ந்து வந்து, ஒரு கட்டத்தில் ஊசிமேல் விழுந்த வெளிச்சம் முழுக்க அணைந்தது. ரவிக்கையின் அந்தத் தையல், தோளின் அந்த இறக்கம், முந்தானையை இடுப்பில் செருகியிருந்த விதம்.

"வெளிச்சத்த மறைக்காதட்டீ" என்றார் பூலிங்கம், தன்னையறியாமல்.

வெளியே ஜெயக்கொடி அசையாமல் நின்றாள். அவள் வலது கை ஒரு குருத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூலிங்கம் வெட்டுத் துணிகளில் சிவப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதில் கட்டினார்.

போகியன்று ஊர் வந்தது. பாத்தியை நாலு பக்கமும் பிரித்துப் பிடுங்கினார்கள். எந்தக் கிழங்கு எந்த வீட்டுக்கு என்று தெரிவதற்காகப் பூலிங்கம் தன் நூல்கண்டுகளைக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு ஒரு நிறம் கட்டி, பெரிய அண்டாவில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தார்கள். லிங்கக்கனி கிணற்றுப் பக்கம் போய் முதலில் கைக்கு வந்ததைப் பிடுங்கியிருந்தாள். அவளுக்கு ஊதா நூல். அண்டாவைச் சுற்றி ஊர் நின்று தின்றது. ஒவ்வொருவரும் கடித்து, நாரை இழுத்துத் துப்பி, முகம் தொங்கிப் போய், அடுத்தவர் வாயைப் பார்த்தார்கள்.

"எனக்கு நாரு."

"எனக்கும்தான், கயிறு திரிக்கலாம்வே."

 லிங்கக்கனி கிழங்கை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தின்றாள், மறுபாதியையும் தின்றாள், பிறகு சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முட்டுவலிக்காரி உட்காருகிற மாதிரி கையை ஊன்றி, சூடான அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "யம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளைப் பார்த்த கண்களெல்லாம் அப்படியே திரும்பிச் சன்னலுக்குக் கீழே போயின. தையல்காரர் சும்மா கட்டவில்லை என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. இடிந்துபோன பாத்தியில் அந்த ஒரே கன்று, சிவப்புத் துணியோடு, பக்கத்து மண் சரிந்ததில் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

"துண்டு துண்டா நறுக்கினா ஆளுக்கு ஒரு நகம் வரும்" என்றது ஒரு குரல்.

"வாக்குக் குடுத்திருக்கோம்" என்றார் பட்டுராஜன். ஆனால் அவரும் அதையே பார்த்தார், அவர் காலும் இரண்டு மாதமாக நிற்கிற கால்தான். "அண்ணாச்சி, அது உம்ம பங்கு. உமக்குன்னு வச்சதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நீராவது தின்னு உக்காரும். நாங்க பாத்துட்டுப் போறோம்."

"தின்னுங்கப்பா" என்றாள் ஜெயக்கொடி.

பூலிங்கம் குனிந்து துணியைத் தொட்டார். எல்லோரும் அவர் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் சரிந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் கன்றின் அடியில் போட்டு அழுத்தினார்.

"அவ திங்கத்தான் குடுத்தா. இல்லைங்கல. குடுத்தத வச்சிருக்கக் கூடாதா? அவ கை வச்சதுல உசிரோட மண்ணுக்குள்ள இருக்கது இது ஒண்ணுதான். தின்னா நான் உக்காருவேன். உக்காந்து என்னத்தப் பாக்க?"

 ஜெயக்கொடி அப்பாவைப் பார்த்தாள், அந்தக் கன்றைப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குள் போனாள். குடத்துத் தண்ணீரை, அந்த ஊர்த் தண்ணீரை, ஒரு செம்பு நிறைய மொண்டு வந்து எல்லோரும் பார்க்கக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"ஏட்டி, கிறுக்கச்சி!" என்று கத்தினாள் லிங்கக்கனி, தரையில் உட்கார்ந்தபடி.

"இருக்கட்டும் சித்தி. அவருகூட நிக்கதுக்கு நான்தான இருக்கேன்." செம்பைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து அழக் காத்திருந்தவளுக்கு, இனி உட்கார முடியாது என்று ஆனதும், நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. "என்னப் பெத்த தங்கமே" என்று எடுத்தாள். ஊசித்தேரியில் நின்றுகொண்டு ஒருவரும் ஒப்பாரி வைத்ததில்லை. அதற்கு எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது என்று பெண்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி வந்து தோளைப் பிடித்தாள், இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்தாள், வட்டம் அதுவாகவே கூடியது, மாரில் அடித்து அழ ஆரம்பித்தது. பூலிங்கம் வட்டத்துக்கு வெளியே நின்றார். பட்டுராஜன் மேல்துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நீட்டியபோதுதான் முகம் நனைந்திருப்பதை அவர் அறிந்தார்.

ஐகோர்ட்துரை ஒரு கூடைத் தேரி மண்ணோடு வந்து கன்றின் அடியில் கொட்டினான். மற்றவர்களும் கூடை எடுத்தார்கள். பாத்தி மண் சரியாமல் நிலத்தோடு நிலமாக இறுகினால்தான் கன்று வேர் இறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தங்கபுஷ்பத்துக்காக மட்டும் மண் சுமந்தார்கள் என்று சொல்ல முடியாது.

"காய்ச்சா ஒரு குலைக்கு எத்தன பழம்? ஊருக்கே வருமே" என்றான் ஒருவன்.

"அதுவரைக்கும் நிக்கணுமாவே?"

"இதுவரைக்கும் என்னத்தச் செஞ்ச?"

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் ஜெயக்கொடி ஊருக்குக் கிளம்பினாள். அப்பாவும் மகளும் காலையில் உடைமுள் வெட்டிவந்து ஆடு கடிக்காமல் கன்றைச் சுற்றி வேலி வைத்திருந்தார்கள். இருவர் கையிலும் முள் கீறியிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பஸ் வந்தது, பண்டிகைக் கூட்டம் வடிந்துபோய்ப் பெரும்பாலும் காலியாக இருந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"அப்பா, ஒண்ணு யோசிக்காம விட்டுட்டோம். அது ஆம்பனையா போயிட்டா?"

ஆண் பனை காய்க்காது. ஆணா பெண்ணா என்பது பாளை வருகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. பூலிங்கத்துக்கு அது அந்த நிமிஷம்வரை தோன்றவில்லை, ஊரில் மண் சுமந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒருமுறை நடந்துவிட்டு வந்தார்.

"ஆம்பனைன்னா பாளை சீவலாம்லா. பதனி வரும். குடிச்சிட்டு நிப்போம்."

ஜெயக்கொடி சிரித்தாள். அம்மா போனபிறகு அவர் கேட்ட முதல் சிரிப்பு அது. கண்டக்டர் விசில் கொடுத்தார். "உள்ள போய் உக்காரும்மா, இவ்வளவு சீட்டு காலியாக் கெடக்குல்லா" என்று அவர் அதட்டியது வெளியே நன்றாகவே கேட்டது. பஸ் தேரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. காலி இருக்கைகளுக்கு நடுவே, மேல் கம்பியை ஒரு கையால் பிடித்து, கோவில்பட்டிவரைக்கும் நிற்கத் துணிந்தவளாக, அவள் நின்றுகொண்டு போனாள்.